பின்னால் ஒரு ‘டொக்’: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சத்தத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இங்கிலாந்தில் இருக்கும் என் நண்பரின் வண்டி அது. 1991-ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் செய்யப்பட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, துணிக்கூரை, சிவப்பு நிறம். ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்ததால் ஒரு பட்டறையில் கொடுத்து நான்கையும் புதிதாக மாற்றினார். ஒரு வாரத்துக்குள் பின்பக்க இடது மூலையிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மேடுபள்ளத்தில் மெதுவாகப் போனால் கேட்கும். வேகம் எடுத்தால் நின்றுவிடும். ‘லிங்க் ராடு போயிருக்கும்’ என்றார்கள் பட்டறையில். மாற்றினார். சத்தம் அப்படியே இருந்தது. ‘புஷ் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்’ என்று அடுத்த யோசனை வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு நாங்கள் புதிதாக ஒரு பாகமும் வாங்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் காரணம் அகப்பட்டது. அது என்ன என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். அதற்கு முன் வழியைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பணத்தை இழப்பது பழுதினால் மட்டுமல்ல. பழுது எது என்று தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதில்தான் பெரும்பணம் போகிறது.

சத்தம் கேட்டதும் எல்லோரும் ‘எங்கிருந்து வருகிறது?’ என்று தேடுகிறோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எப்போது வருகிறது?’ என்பதுதான். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் இடம் தானாகவே தெரிந்துவிடும்.

வண்டியின் அமைப்பு

எம்எக்ஸ்-5 முதன்முதலாக 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் காட்டப்பட்டது. ஜப்பானில் அதன் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். முதல் தலைமுறை 1997 வரை 4 லட்சத்துக்கும் மேல் தயாரானது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஓட்டுபவரும் வண்டியும் ஓருடலாக இருக்க வேண்டும் என்பதுதான் அதைச் செய்தவர்களின் எண்ணம். குதிரையும் வீரனும் ஒன்றாவது என்று பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரை அதற்கு அவர்கள் பயன்படுத்தினார்கள். அந்த வண்டிகளில் மிக இளையதற்கே இன்று 25 வயதுக்கு மேல் ஆகிறது.

அதன் பின்பக்க சஸ்பென்ஷன் ‘டபுள் விஷ்போன்’ வகை. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் பிடித்திருக்கின்றன. ஆர்ம்கள் சப்ஃபிரேமோடு சேரும் இடத்திலும் சக்கரத்தைத் தாங்கும் இரும்போடு சேரும் இடத்திலும் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. முன்பக்கம் இருப்பதுபோல் பின்பக்கத்தில் ஆர்ம் முனையில் பால் ஜாயிண்ட் கிடையாது. இங்கே எல்லாம் புஷ்தான். ஸ்பிரிங்குக்கு நடுவே ஷாக் அப்சார்பர் நிற்கிறது. அதன் மேல்முனை ரப்பர் வைத்த ஒரு மவுண்ட் வழியாகப் பாடியில் பொருத்தப்பட்டிருக்கிறது. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி ஒன்று உண்டு. அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதன் இரு முனைகளையும் ஆர்மோடு சேர்ப்பவை லிங்க் ராடுகள்.

இந்த வண்டியின் இன்னொரு பாகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கியர்பாக்ஸின் பின்முனையையும் பின்னால் உள்ள டிஃபரன்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது. ‘பவர் பிளாண்ட் ஃபிரேம்’ என்று பெயர். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் டிஃபரன்ஷியல் திமிறாமல் இருக்க இந்தச் சட்டம் உதவுகிறது. கிளட்ச் மாற்றும்போது இதைக் கழற்றியாக வேண்டும். அதனால் இதை ஒருமுறையாவது கழற்றி மாட்டாத பழைய வண்டியைப் பார்ப்பது அரிது.

காதை நம்பாதீர்கள்

இந்த வண்டியில் பின் அச்சு நம் முதுகுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. நடுவில் பின்சீட்டு இல்லை. தடுப்பாக ஒரு தகரமும் மெல்லிய விரிப்பும்தான். பெரிய காரில் காதுக்கே எட்டாத சத்தம் இதில் தோளுக்குப் பின்னால் தட்டுவதுபோல் கேட்கும். பாடி முழுவதும் ஒன்றோடு ஒன்று பற்றவைத்த தகடு என்பதால், ஓரிடத்தில் பிறந்த அதிர்வு தகட்டின் வழியே ஓடி வேறோர் இடத்தில் ஒலிக்கும். இடப்பக்கம் என்று சத்தியம் செய்யத் தோன்றும் சத்தம் வலப்பக்கத்தில் இருந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். காது சொல்லும் இடத்தை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: டிக்கியைக் காலி செய்வது

சஸ்பென்ஷன் என்று நினைத்த சத்தங்களில் ஒரு பங்கு சஸ்பென்ஷனுக்குச் சம்பந்தமே இல்லாதது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் பேட்டரி இருப்பது டிக்கியில், வலது மூலையில். ஸ்டெப்னியும் ஜாக்கியும் அதே டிக்கியில்தான். பேட்டரியைப் பிடிக்கும் கம்பி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு குழிக்கும் ‘டொக்’ என்று இடிக்கும். பேட்டரி தளர்ந்து ஆடுவது சத்தத்தோடு போகாத ஆபத்தும்கூட. அதை உடனே இறுக்குங்கள்.

ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி, விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு துணிக்கூரையை மடித்துவிட்டு ஒருமுறை, மூடிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கூரையின் சட்டமும் கொக்கிகளும் போடும் சத்தம் அச்சு அசலாகப் பின் சக்கரத்திலிருந்து வருவதுபோலவே கேட்கும். சீட் பெல்ட் கொக்கி, நம்பர் பிளேட் இரண்டையும் கையால் தட்டிப் பாருங்கள்.

அடுத்து சக்கர நட்டுகள். ஒரு சக்கரத்துக்கு நான்கு. எம்எக்ஸ்-5-க்கு மாஸ்டா சொல்லும் இறுக்கம் 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். வீல் ஸ்பானரை ஏறி மிதிப்பதை விட்டுவிட்டு டார்க் ரெஞ்ச் கொண்டு பாருங்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் சத்தத்துக்குக் காரணம் தளர்ந்த சக்கரம் என்றால் இந்தப் பத்து நிமிடம் உயிரைக் காப்பாற்றும்.

சத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

தமிழுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஒலியை அப்படியே பிடிக்கும் சொற்கள் நம்மிடம் ஏராளம். மெக்கானிக்கிடம் ‘ஏதோ சத்தம் வருகிறது’ என்று சொல்வதைவிட, சரியான ஒலிக்குறிப்பைச் சொன்னால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

‘டொக்’ என்று ஒரே அடியாக வருவது: இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஆட்டம் விழுந்திருக்கிறது. லிங்க் ராடு, ஷாக்கின் மேல் நட்டு, தேய்ந்துபோன புஷ், டிஃபரன்ஷியல் மவுண்ட் எல்லாம் இந்த வகையில் வரும்.

‘லொடலொட’ என்று சிறு குலுக்கலுக்கெல்லாம் தொடர்ந்து வருவது: எடை குறைந்த பாகம் ஒன்று தளர்ந்திருக்கிறது. பிரேக் பேடின் கிளிப், சைலன்சரின் வெப்பத்தடுப்புத் தகடு, லிங்க் ராடு ஆகியவற்றைப் பாருங்கள்.

‘கிரீச்’ என்று வண்டி ஏறி இறங்கும்போது முனகுவது: ரப்பர் காய்ந்திருக்கிறது. அல்லது ரப்பருக்குப் பதிலாக யாரோ பாலியூரிதேன் புஷ் போட்டிருக்கிறார்கள், அதில் கிரீஸ் வற்றிவிட்டது.

‘ஊம்…’ என்று வேகத்தோடு சேர்ந்து உயர்வது: வீல் பேரிங் அல்லது டயர்.

‘டங்’ என்று கம்பியை மீட்டியதுபோல் வருவது: ஸ்பிரிங். அதன் கடைசிச் சுற்று உடைந்திருக்கலாம். அல்லது தன் இருக்கையில் சரியாக உட்காராமல் நழுவியிருக்கலாம்.

‘டிக்’ என்று வண்டி கிளம்பும் நொடியில் ஒரே ஒருமுறை, குறிப்பாக ரிவர்ஸிலிருந்து முன்னால் போகும்போது வருவது: சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலும் அதன் பெரிய நட்டும். இந்த வண்டியில் அது 29 மி.மீ. நட்டு.

ஓட்டிப் பார்த்துப் பிரிப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் இங்கே இருக்கும் சூத்திரம். போக்குவரத்து இல்லாத இடத்தில், மெதுவாக, ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சாலையோரம் நீளமான சுவர் இருந்தால் நல்லது. சக்கரத்தின் சத்தம் சுவரில் மோதித் திரும்பித் தெளிவாகக் கேட்கும்.

முதல் சோதனை வேகத்தடை. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராகப் போங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்படியோ குழியில் இறங்கும்படியோ போங்கள். இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை. தன் புஷ்களுக்குள் சும்மா சுழலும். லிங்க் ராடில் பெரிதாகச் சுமை விழாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் பார் முறுக்கிக்கொள்ளும். லிங்க் ராடு இழுபடும். ஆகவே ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் வரும் ‘டொக்’ என்றால் லிங்க் ராடையும் பாரின் புஷ்களையும் முதலில் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போதும் அதே அளவில் வந்தால் ஷாக், அதன் மேல் மவுண்ட், கீழ் போல்ட், ஆர்ம் புஷ் ஆகியவற்றின் பக்கம் போங்கள்.

இரண்டாவது சோதனை பிரேக். சத்தம் வரும் சாலையில் மெதுவாகப் போகும்போதே பிரேக்கை லேசாக மிதித்துப் பிடியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது பிரேக் பேடு, காலிப்பர், அதன் கிளிப் ஆகியவற்றின் வேலை. பேடு மாற்றும்போது கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிற தவறு.

மூன்றாவது சோதனை ஆக்சிலரேட்டர். சமமான சாலையில் இரண்டாவது கியரில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள். மேடுபள்ளமே இல்லாமல் ‘டொக்’ வந்தால் சஸ்பென்ஷனை விட்டுவிடுங்கள். டிஃபரன்ஷியல் மவுண்ட், பவர் பிளாண்ட் ஃபிரேமின் போல்ட், ஆக்சில் ஜாயிண்ட் ஆகியவைதான் சந்தேகத்துக்குரியவை.

நான்காவது சோதனை வளைவு. ‘ஊம்’ சத்தம் இருந்தால் அகலமான காலிச் சாலையில் ஒரே வேகத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். கிளட்சை மிதித்து இன்ஜின் வேகம் இறங்கிய பிறகும் சத்தம் மாறாமல் இருந்தால், அது இன்ஜினைச் சேர்ந்ததல்ல, பெரும்பாலும் சக்கரத்தைச் சேர்ந்தது. ஆனால் பேரிங் மாற்றுவதற்கு முன்பாக முன்பக்க டயரையும் பின்பக்க டயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். குறைவாக ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பட்டன் தேயாமலேயே டயர் கிழமாகிவிடும். இறுகிப்போன ரப்பர் பேரிங் போலவே இரையும்.

ஐந்தாவது சோதனை மழை. முனகல் மழை நாளில் நின்று, காய்ந்த நாளில் திரும்பி வந்தால் அது காய்ந்த புஷ். ஒரு தெளிப்பானில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தை ஒருவர் கையால் அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்கள் ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் அடியுங்கள். எந்தப் புஷ் நனைந்ததும் முனகல் நிற்கிறதோ அதுதான். அவசரத்துக்குக்கூட ரப்பரில் இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ போடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சிலிகோன் கிரீஸ் மட்டுமே சரி.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: வேகம் என்ன, சாலை எப்படி, பிரேக் மிதித்தால் என்ன, ஆக்சிலரேட்டரை விட்டு மிதித்தால் என்ன, வளைத்தால் என்ன, வெயிலா மழையா. பட்டறைக்குப் போவதாக இருந்தாலும் இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பொன்னாக மதிப்பார்.

வண்டிக்கு அடியில் போகும் முன்

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக் இருந்தும் பயனில்லை. ஆகவே சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி, கையால் தள்ளிப் பார்த்து அசையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே படுங்கள்.

சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஒருமுறை, இடமும் வலமும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் அசைத்தாலும் ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது ஆக்சில் நட்டு. மேலும் கீழும் மட்டும் ஆடினால் ஒருவரை அசைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஆர்ம் புஷ்களைப் பாருங்கள். நெம்புகோல் ஒன்றை ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே கொடுத்து மெதுவாக நெம்புங்கள். நல்ல புஷ் கொஞ்சம் இணங்கிவிட்டுத் திரும்பி வரும். கெட்ட புஷ்ஷில் நடுக்குழாய் தனியாக நகரும். ரப்பர் கிழிந்து கருப்புத் தூள் உதிர்ந்திருக்கும்.

ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றை விரலால் தடவிப் பாருங்கள். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உருக உப்புப் போட்ட சாலையில் ஓடிய வண்டி என்றால், துரு பிடித்து முறிவது பெரும்பாலும் அங்கேதான். சைலன்சரைக் குளிர்ந்த நிலையில் கையால் நான்கு பக்கமும் தள்ளுங்கள். தொங்கவிட்டிருக்கும் ரப்பர் நீண்டுபோயிருந்தால் சைலன்சர் எங்காவது இடித்து, இடித்த இடத்தில் பளபளவென்று ஒரு தேய்ப்பு தெரியும். எந்தச் சத்தத்துக்கும் இந்தப் பளபளப்பைத் தேடுங்கள். முப்பது வருடத் தூசும் துருவும் படிந்த அடிப்பகுதியில் புதிதாக மின்னும் உலோகம் இருந்தால், அங்கே ஏதோ ஒன்று உரசிக்கொண்டிருக்கிறது.

லிங்க் ராடைச் சோதிக்க மட்டும் வண்டியை ஒரு பக்கம் தூக்காதீர்கள். ஒரு சக்கரம் தொங்கினால் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுத்துப் பிடிக்கும். இருக்கிற ஆட்டம் மறைந்துவிடும். நான்கு சக்கரமும் ஏற்றப்பலகைகளின் மேல் நிற்கும்போதோ, பட்டறையின் நான்கு கால் லிஃப்ட்டில் நிற்கும்போதோ பாருங்கள். லிங்க் ராடை விரல்களால் பிடித்துக் குலுக்கினால் கெட்டது விரலுக்கே தெரியும். இன்னும் சந்தேகம் இருந்தால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, பார் எதிலும் இடிக்காமல் கட்டிவைத்துவிட்டு மெதுவாக ஒரு சுற்றுப் போங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. அப்படி ஓட்டும்போது வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும், கவனம் தேவை.

நண்பரின் வண்டியில் நடந்தது

அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: சத்தம் வருவதற்கு முன் கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது? நாற்பது வருடம் ஆனாலும் பாகங்கள் மெல்லத்தான் கெடும். திடீரென்று ஒரு வாரத்தில் முளைத்த சத்தம் என்றால் கடைசியாகக் கைவைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். அவர் வண்டியில் கடைசி வேலை ஷாக் அப்சார்பர்.

வேகத்தடை சோதனை செய்தோம். ஒற்றைச் சக்கரத்துக்கும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஏறியபோதும் அதே அளவில் வந்தது. லிங்க் ராடு குற்றவாளி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. பிரேக் மிதித்தோம்; மாற்றமில்லை. ஆக்சிலரேட்டரை விட்டு மிதித்தோம், சத்தமில்லை. மிச்சம் இருந்தது ஷாக்கும் அதன் மேல் மவுண்டும் ஆர்ம் புஷ்களும்தான்.

டிக்கியைத் திறந்து, பெட்ரோல் நிரப்பும் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த விரிப்பை விலக்கினோம். ஷாக்கின் மேல்முனை அங்கே எட்டிப் பார்த்தது. நான் ஆள்காட்டி விரலை ராடின் நுனியிலும் பாடித் தகட்டிலும் ஒன்றாகப் படும்படி வைத்துக்கொண்டேன். நண்பர் பின்பக்கத்தை அமுக்கி விட்டார். மூன்றாவது அமுக்கலில் விரலின் கீழ் ‘டிக்’ என்று ஒரு துள்ளல். பாடி அசையவில்லை, ராடு மட்டும் நூலளவு மேலே எழுந்து கீழே உட்கார்ந்தது. காதுக்கு ‘டொக்’ என்று கேட்டது விரலுக்கு ஊசிமுனை அளவு அசைவாகத் தெரிந்தது. வலப்பக்கம் விரல் வைத்தபோது ஒன்றுமில்லை.

கழற்றிப் பார்த்தோம். மேல் ரப்பரை அணைத்துப் பிடிக்க வேண்டிய குழிந்த வாஷர் தலைகீழாகப் போடப்பட்டிருந்தது. அதனால் நட்டு மரையின் அடிவரை இறங்கி முட்டிக்கொண்டு ‘இறுகிவிட்டது’ என்ற உணர்வைக் கொடுத்தது; ரப்பரோ இறுகவில்லை. ஸ்பானர் வைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் நட்டு இறுக்கமாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார்கள். வேகமாகப் போனபோது சத்தம் நின்றதற்கும் காரணம் புரிந்தது. பெரிய சுமை விழும்போது ராடு ஒரு பக்கமாக அழுந்தியே இருக்கும். சிறு குலுக்கலில்தான் அங்கும் இங்கும் துள்ள இடம் கிடைக்கும். வாஷரைத் திருப்பிப் போட்டோம். சத்தம் அன்றோடு போயிற்று. லிங்க் ராடுக்குக் கொடுத்த பணம் வீண்தான்.

ஓர் எச்சரிக்கை. ஷாக்கைக் கழற்றி எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் ராடின் நட்டை அவிழ்க்காதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் விசையோடு தெறிக்கும். கருவியும் பழக்கமும் இல்லையென்றால் இந்த ஒரு வேலையைப் பட்டறைக்கே விடுங்கள்.

மாற்றும்போது செய்யும் தவறு

ரப்பர் புஷ் மாற்ற வேண்டி வந்தால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். புஷ்ஷின் நடுக்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் அசையாமல் நின்றுவிடும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சில மாதங்களில் கிழியும். போல்ட்டை விரல் இறுக்கத்தில் விட்டு, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது கடைசி இறுக்கம் கொடுங்கள்.

கீழ் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகள் சாதாரண போல்ட்டுகள் இல்லை. சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்யும் வட்டத்தலை அவற்றில் இருக்கிறது. கழற்றும் முன் அவை நின்ற இடத்தைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். கீழ் ஆர்மின் வெளிமுனையில் உள்ள நீளமான போல்ட் துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொள்வது இந்த வண்டியின் பெயர்பெற்ற தொல்லை. சில நாள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெய் ஊற்றிவையுங்கள். வராவிட்டால் சுத்தியலால் அடித்து மரையைக் கெடுப்பதைவிட அறுத்தெடுத்துப் புதிது போடுவது நல்லது.

பாகம் கிடைக்குமோ என்ற கவலை வேண்டாம். முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு ஜப்பானில் மறுசீரமைப்புச் சேவை தொடங்குவதாக 2017-இல் மாஸ்டா அறிவித்தது. நின்றுபோன சில பாகங்களையும் மீண்டும் தயாரித்தது. புஷ், லிங்க் ராடு, மவுண்ட் போன்றவற்றை வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன.

எப்போது ஓட்டக்கூடாது

சில சத்தங்களோடு வீட்டுக்குக்கூட ஓட்டிப் போகக்கூடாது. உடைந்த ஸ்பிரிங்கின் முனை டயரைக் கிழிக்கலாம். சக்கரம் ஆடினால், ‘டொக்’ சத்தத்தோடு வண்டியின் பின்பக்கம் தானாகத் திசை மாறுவதுபோல் தோன்றினால், ஆர்ம் பொருத்தியிருக்கும் இடத்தில் தகடு துருவேறி ஸ்க்ரூடிரைவர் நுனி உள்ளே இறங்கினால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். இந்த வண்டியில் கூரைத் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கைக்குப் பின்னால் இருக்கின்றன. இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகட்டில் தேங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் துருவாக வெளிப்படும். வருடத்துக்கு ஒருமுறை அந்தத் துளைகளைச் சுத்தம் செய்வது எந்தச் சத்தத்தைத் தேடுவதைவிடவும் பெரிய சேவை.

முப்பது வயதைத் தாண்டிய ஒரு வண்டி புதிய வண்டியைப்போல் ஓசையின்றி ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால் அதற்குக் காரணம் ஒன்று நிச்சயம் உண்டு. அது தேடினால் கிடைக்கும். அடுத்த முறை பின்னால் ‘டொக்’ என்று கேட்டால் பாகம் வாங்கப் போகாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்து ‘எப்போது வருகிறது?’ என்று முதல் வரி எழுதுங்கள். அதற்கு விடை எழுதி முடிக்கும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.